கோழி இறகும் கை நடுக்கமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். தலை நரைத்த, கண்ணியமான, பாங்கில் பணமும் உடம்பில் சர்க்கரையும் உள்ள ஆண்கள் வரிசையாக நின்று, நீளமான கோலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கோலின் நுனியிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்று காற்றில் நெளிந்து போய்ப் புல்லில் விழும். கயிற்றின் முனையில் கொக்கி கிடையாது. சின்னதாக ஒரு கம்பளி முடிச்சு, அவ்வளவுதான். மைதானத்தில் தண்ணீரும் கிடையாது, மீனும் கிடையாது. மழை பெய்த மறுநாள் நாலு தவளை இருந்தால் உண்டு. முதல் தடவை பார்த்தபோது ஏதோ புது மாதிரி யோகாசனம் என்று நினைத்தேன். மீன் பிடிக்கப் பழகுகிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. விழிஞ்ஞம் கடற்கரையில் விடியுமுன் வள்ளம் இறக்குகிற மீன்காரனைக் கூட்டிவந்து இதைக் காட்டினால் அவன் என்ன சொல்வான் என்று யோசித்தேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஊரில் மற்றவர்கள் தூண்டில் போடுகிற மாதிரி இவர்கள் போட மாட்டார்கள். மண்புழு கோப்பது கேவலம், மாவு உருண்டை கோப்பது அதைவிடக் கேவலம். கொக்கியில் கோழி இறகும் நூலும் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்ய வேண்டும். அதை எறிகிற அழகில், நிஜப் பூச்சிதான் வந்து விழுந்தது என்று மீன் நம்ப வேண்டும். நம்பிக் கடித்தால் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, முதுகில் தடவிக் கொடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். கொல்ல மாட்டார்களாம், தின்ன மாட்டார்களாம், அது அவர்களுடைய தர்மமாம். தின்கிறவனுக்காவது பசி என்று ஒரு நியாயம் இருக்கிறது. பசியோடு வருகிற ஜீவனுக்கு இறகைக் காட்டி, வாயைக் கிழித்து, போட்டோ பிடித்து அனுப்பிவைக்கிறதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. அதன் தலைவர் சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் மொத்த வியாபாரம் பண்ணுகிறவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். மனிதர் ஒரு தடவை ஸ்காட்லாந்துக்கு டூர் போனார், அத்தோடு கெட்டது. அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரன் முழங்கால் தண்ணீரில் நின்று கயிறு வீசுவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே கரமனை ஆற்றில் இறங்கி நின்றார். செயலாளர் மலையாளி, ஐ.டி. பார்க்கில் மேனேஜர், நாற்பது தாண்டியவர். கையில் கோல் இருக்கிறதோ இல்லையோ போன் இருக்கும். மற்றவர்கள் டாக்டர், வக்கீல், ரிட்டயர்டு என்று பலவகை. எல்லோருக்கும் மண் நிறத்தில் ஒரே மாதிரிச் சட்டை, சட்டை முழுக்கப் பை, பை முழுக்க இறகு. மீனின் கண்ணுக்கு ஆள் தெரியக்கூடாது என்று அந்த நிறம். அத்தனை பேரும் சேர்ந்து நின்று பேசுகிற சத்தம் மட்டும் அக்கரைக்குக் கேட்கும்.

பிடித்தார்களா என்றால், அதுதான் இல்லை. காயல், ஆறு, அணைக்கட்டு என்று ஊர் ஊராகப் போவார்கள். போய் நின்று வீசுவார்கள். தின்றுவிட்டுத் திரும்புவார்கள். காற்று சரியில்லை, தண்ணீர் கலங்கல், மேகம் போதாது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஒருவர் ஜாதகம் பார்த்துவிட்டு வந்திருக்கலாமோ என்று கேட்டார், அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக் கூட வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. மீன் மார்க்கெட் இருக்கிற தெரு வழியாக பஸ் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர் அவர். கரிமீனுக்கும் மத்திக்கும் வித்தியாசம் கேட்டால் இரண்டும் தமிழ்ச் சொல்லா மலையாளச் சொல்லா என்று ஆராய்ச்சி பண்ணுவார். அப்படிப்பட்டவர் ஏன் போனார் என்றால், கைக்காகப் போனார்.

ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு காரியத்துக்கு என்று கையைத் தூக்கினால் போச்சு, டம்ளர் தளும்பும், பேனா கோணும். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது, கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். சாதத்தை யார் வாய் வரைக்கும் கொண்டுபோவது?

குழம்பு சாதம் பிசைந்து எடுத்தால் பாதி வழியில் சட்டையில் விழும். ரசம் சாதம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆழமான கிண்ணத்தில் போட்டு ஸ்பூனும் கொடுத்தேன். ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டார். அவர் சாப்பிடும்போது நான் அடுப்பைத் துடைக்கிறேன் என்று அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். துடைத்துத் துடைத்து அடுப்பு கண்ணாடி மாதிரி ஆனதுதான் மிச்சம். கல்யாணம், பூணூல், கோவில் சாப்பாடு எதற்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். பந்தியில் உட்கார்ந்து பரிமாறுகிறவனை நிறுத்தி நிறுத்தி, இன்னும் கொஞ்சம் என்று இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கி, இலையை வழித்துச் சாப்பிடுகிற மனிதர். அவருடைய அக்கா பேத்தி கல்யாணத்துக்கே நான் தனியாகத்தான் போனேன்.

"கை நன்னாகட்டும், அப்பறம் போலாம்" என்றார். "பந்தியில உக்காந்து என் கையால சாப்டணும். அது முடியாட்டா நேக்கு ஒரு எடமும் வேண்டாம்."

கைக்கு வேலை என்று டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார், அதைத் தொடவில்லை. களிமண் பிசையச் சொன்னார், குழந்தைகள் வேலை என்றார். காலையில் பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடக்கப் போன இடத்தில் யாரோ இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மறுவாரம் பார்த்தால் இவரும் மைதானத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். கோலைத் தூக்கி, நிறுத்தி, முன்னால் கொண்டுவந்து, மறுபடி தூக்கி என்று காலை முழுக்க அந்தக் கை வேலை செய்தது. எந்தக் குரங்கு மருந்தைக் கொடுத்தால் என்ன, வியாதி போனால் சரி.

மைதானத்தோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பொய்ப்பூச்சி கட்டுகிற வேலை வீட்டுக்குள் வந்தது. சேவலின் கழுத்து இறகு, மயில் இறகு, யார் வீட்டு நாயோ, அதன் வால்முடி எல்லாம் பிஸ்கட் டப்பாவில் அடைத்து வந்து சேர்ந்தன. சாமி அலமாரி இருக்கிற வீட்டில் கோழி இறகு.

"என்னன்னா இது, ஆத்துக்குள்ள கோழிக்கடையா?" என்று கேட்டேன்.

"எறகுதானேடி. கோழியா கொண்டு வந்தேன்?"

"அது யார் மேல இருந்துதாம்? மரத்துல காய்ச்சுதா?"

"மயிலெறகு கிருஷ்ணன் தலையில இல்லையோ? அப்ப தோஷம் இல்லையாக்கும்."

வாதத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. டப்பாவைக் கொல்லைப்பக்கம் வாஷிங் மிஷினுக்கு மேலே வைக்கச் சொன்னேன். அங்கே உட்கார்ந்து, நடுங்குகிற கையை மேஜை விளிம்பில் ஊன்றி, கொக்கியில் நூல் சுற்றுவார். பூச்சியின் உடம்பு மினுக்க வேண்டுமாம். ஒருநாள் பீரோவைத் திறந்து பார்த்தால் என் கூறைப்புடவைத் தலைப்பில் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை காணவில்லை. அன்று நான் பேசினது அடுத்த வீட்டு மாமிக்கும் அதற்கு அடுத்த வீட்டு மாமிக்கும் கேட்டது. மீனுக்குக் கட்டிவிடவா எங்கப்பா காஞ்சிபுரம் போய் அந்தப் புடவை எடுத்தார் என்று கேட்டேன். அவர் ஜரிகை சுற்றின பூச்சியை மட்டும் கையில் வைத்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் ஆத்திரமாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் கை தேறியது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிற்று, கோலும் நூலுமாகக் கைக்கு வேலையும் இருந்தது. ஒரு மத்தியானம் கிண்ணத்தை வைத்துவிட்டு நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். வழக்கமாகக் கேட்கிற ஸ்பூன் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கிண்ணத்துக்குள் கைவிட்டு மோர்க்குழம்பு சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார். ஒரு கவளம் எடுத்தார். மெதுவாகக் கொண்டுபோனார். ஒரு பருக்கை விழவில்லை என்று சொல்ல மாட்டேன், விழுந்தது. ஆனால் சாதம் வாய்க்குப் போயிற்று. நான் அப்பளம் கொண்டுவந்து வைத்தேன். சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். மீன் சங்கத்துக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் மைதானத்துக்குப் புறப்பட்டவருக்கு ஃப்ளாஸ்கில் காப்பி கொடுத்தேன்.

மாசி மாதம் சித்தி பெண் வீட்டுக் கல்யாணம் வருகிறது, அதற்கு வரேன் என்று அவராகவே சொன்னார். பந்தியில் உட்காரப் போகிறார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த மீன் வந்தது.

வெள்ளாயணிக் காயலுக்குச் சங்கம் போன நாள். குடும்பத்தையும் கூட்டிவரலாம் என்றதால் நானும் தயிர்சாதத்தோடு போயிருந்தேன். முந்தின நாளே மாத்திரை தீர்ந்திருந்தது. நான் வாங்கிக்கறேன் என்று சொன்ன மனிதர் பூச்சி கட்டுகிற மும்முரத்தில் மறந்துவிட்டார். காலையிலேயே கை நடுங்கியது. திரும்பிப் போகலாம் என்றேன், கேட்கவில்லை. மற்றவர்கள் அழகு அழகாக வீசினார்கள். இவர் வீசினது கரையோரத்துத் தாமரை இலைக்குப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. கை நடுங்கியது, கோல் நடுங்கியது, கயிறு நடுங்கியது, என் கூறைப்புடவை ஜரிகை சுற்றின பூச்சி தண்ணீர்மேல் துடிதுடியென்று துடித்தது. உயிருள்ள பூச்சி தண்ணீரில் விழுந்தால் அப்படித்தான் துடிக்கும் போலிருக்கிறது. தாமரை இலைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று பாய்ந்து வந்து கவ்விக்கொண்டது.

வரால் என்றார்கள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து பொய்ப்பூச்சிக்கு அகப்பட்ட முதல் பெரிய மீன் அதுதான் என்றார்கள். தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். செயலாளர் போனோடு சுற்றிச் சுற்றி வந்தார். மீனைத் தொடப் பயந்து இவர் கையைப் பின்னால் இழுக்க, வேறு யாரோ மீனைப் பிடித்துக்கொள்ள, இவர் அதன் வால் பக்கத்தில் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ இன்றும் என் போனில் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் பிரமோஷன் ஆர்டர் வந்த அன்று கூட அவர் அப்படிச் சிரித்தது கிடையாது.

அத்தோடு விட்டார்களா? ஆராய்ச்சி பண்ணினார்கள். செயலாளர் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்து, தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"மாமி, ஸாருக்க கை சாதாரண கை இல்ல பாத்துக்கிடுங்க" என்றார் என்னிடம். "நாங்க எல்லாம் கைய ஆடாம வச்சிக்கிட்டுல்லா நிக்கோம். அதான் தப்பு. ஸாருக்கு அது தன்னால வருது."

"அது வியாதியாக்கும்" என்றேன்.

"என்னவா இருந்தா என்ன மாமி, மீன் கடிக்குல்லா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நான் கண்டதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். டாக்டரும் வக்கீலும் ஆணி வியாபாரியும் வரிசையாக நின்று, ஒரு நோயும் இல்லாத, கல்லு மாதிரி இருக்கிற கைகளை வேண்டுமென்றே நடுக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. ஒருவருக்கு முழங்கையிலிருந்து வந்தது, அது தப்பாம், மணிக்கட்டிலிருந்து வர வேண்டுமாம். இன்னொருவருக்குத் தலையும் சேர்ந்து ஆடியது. செயலாளர் இதற்குக் 'கோட்டை ஷேக்' என்று ஒரு பெயரும் வைத்து யூடியூபில் போட்டுவிட்டார். நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் லேசா, இன்னும் கொஞ்சம் லேசா என்று ஒவ்வொருவராகத் திருத்துகிறார். எந்தக் கையிலிருந்து விழுந்த சாதத்தை நான் தினமும் துடைத்தேனோ அந்தக் கையை இவர்கள் பார்த்துப் படிக்கிறார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காப்பி ஃப்ளாஸ்கைப் புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போன இரண்டு தடவையும் ஒன்றும் அகப்படவில்லை. பூச்சி தண்ணீரில் செத்த பூச்சி மாதிரி மிதந்தது. "எந்து பற்றி அங்கிள், என்ன ஆச்சு?" என்று செயலாளர் கேட்டாராம். தலைவர் உதட்டைப் பிதுக்கினாராம். இதை அவரே வந்து சொன்னார், சொல்லிவிட்டு வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை போய் இரண்டு வரால் பிடித்துவிட்டு வந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது பின்னாலிருந்து மறுபடி ஸ்பூன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இடது கையில் ஸ்பூன், வலது கை மடியில். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் குறையாமல் இருந்தது.

"மாத்திரை சாப்டறேளா இல்லையா?"

"சாப்டுண்டுதான் இருந்தேன்."

"இப்போ?"

"வருஷாந்திர அவுட்டிங் வரது. நெய்யார் டேம்ல. வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆட்கள் வரா. நான்தான் பண்ணிக் காட்டணும்னு பிரசிடென்ட் சொல்லியிருக்கார். அது ஆகட்டும், அப்பறம் சாப்டறேன்."

"டாக்டர் நிறுத்தப்படாதுன்னு சொன்னாரே. மாசிமாசம் கல்யாணம் இருக்கே. பந்தியில உக்காரணும்னு தவமாத் தவம் கெடந்தேளே."

அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆபீஸ்ல என் கையெழுத்து நடுங்கறதுன்னு ஃபைலையெல்லாம் என் மேஜையிலேர்ந்து எடுத்துண்டு போனா. ரிட்டயர் ஆகற வரைக்கும் நாற்காலியில சும்மா ஒக்காந்துண்டிருந்தேன். ஒனக்கு அது தெரியாது, நான் சொல்லலை. இங்கே அதே நடுக்கத்துக்குக் கை தட்டறா."

"சாப்பாடு?"

"ஸ்பூன் இருக்கே."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அவர் மேலா, அந்த ஆணி வியாபாரி மேலா, ஆபீஸில் ஃபைலை எடுத்துக்கொண்டு போனவர்கள் மேலா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டதில் எனக்கும் பங்கு இருக்கிறதோ என்று கூட அன்றைக்குத் தோன்றவில்லை. மாத்திரையைப் பொடி பண்ணிக் காப்பியில் கலந்து கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். மனிதரை ஏமாற்ற மனசு வரவில்லை. மீனை ஏமாற்றுகிறவர்களோடு பழகியும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

நெய்யாற்றுக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அணைக்கட்டுக்குப் பின்னால் நீர் பரந்து கிடக்கிற இடத்தில், மரங்களுக்கு நடுவே தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். பின்னால் மலை, மலைமேல் மேகம். இடம் அழகான இடம்தான், அதைக் கெடுப்பதற்கென்று மண்நிறச் சட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் கூட இருந்தார்கள். தலைவர் மைக்கில் பேசினார். இந்தியாவிலேயே, ஏன், உலகத்திலேயே இப்படி ஒரு முறை கிடையாது, அது நம்ம ஊரில் பிறந்தது என்றார். என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையோடேயே கரையில் நின்று அவர் கோலை எடுத்தார்.

பல நாளாக மாத்திரை இல்லாத கை. வியாதி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு நடுக்கம் நான் பார்த்ததில்லை. தோள் வரைக்கும் ஏறியிருந்தது. பூச்சி தண்ணீரில் பட்டதுதான் தாமதம், தடதடவென்று துடித்தது. சுற்றி நின்ற கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. வெகு நேரம் கழித்து ஒன்று கடித்தது, ஒரு சாண் அளவு கூட இருக்காது. அதற்கே ஓவென்று ஆரவாரம். பிறகு எல்லோரும் கரை நெடுக வரிசையாக நின்று அதேபோல நடுக்கிக்கொண்டு வீசினார்கள். பார்க்கிறவன் ஏதோ தொற்று நோய் பரவியிருக்கிறது என்று நினைப்பான். ஒரு மீன் கூட அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் சாப்பாடு. பொன்னாடை வாங்கினவர் சைவம் என்பதால் அன்றைக்கு இலை போட்டு மலையாளத்துச் சத்யா விருந்து. தலைவரின் ஏற்பாடு. அவருடைய மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் சொல்ல முடியாது. பந்தலில் நீளமாக மேஜை போட்டு, நட்டநடுவில் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் செயலாளர். நான் எதிர் வரிசையில். பையில் ஸ்பூன் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பொன்னாடை போர்த்தின மனிதர் அத்தனை பேர் நடுவில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவாரா? எனக்குப் புரிந்தது, ஸ்பூனை உள்ளே வைத்துக்கொண்டேன்.

பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தார். பிசைகிறபோதே இலை ஆடியது. கவளத்தை எடுத்தார். பாதி தூரம் வந்தது, சிதறியது. மறுபடி எடுத்தார். மறுபடி சிதறியது. பொன்னாடையில் பருப்புச் சாதம். பக்கத்தில் காலை முழுக்க நடுக்கிக்கொண்டு நின்ற கைகள் எல்லாம் ஜம்மென்று சாம்பார் சாதத்தை உருட்டி உருட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தன. அவர் மூன்றாவது தடவை கையைத் தூக்கினபோது செயலாளர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டென்று போனை எடுத்தார்.

"அங்கிள், சாப்பாட்டிலயும் ஷேக்கா? அடிபொளி, சூப்பர். ஒண்ணு கூடி, இன்னொரு தடவை காட்டுங்கோ" என்று வீடியோ எடுக்க ஆரம்பித்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் கையை இறக்கவில்லை. தூக்கினபடியே வைத்துக்கொண்டிருந்தார். விரல் சந்தெல்லாம் பருப்பு ஒழுகியது. போனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. செயலாளருக்கு விஷயம் புரிய வெகு நேரம் ஆயிற்று. புரிந்ததும் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார். தலைவர் அவியல் கேட்டுப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார். அவியல் அவர் இலையிலேயே நிறைய இருந்தது.

நான் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போனேன். செயலாளரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னேன், எழுந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரருடைய இலையை என் பக்கம் இழுத்து, சாதத்தில் ரசம் விட்டுப் பிசைந்தேன்.

"வேண்டாம்டி. எல்லாரும் பாக்கறா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பாக்கட்டும்."

ஒரு கவளம் உருட்டி அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாயைத் திறந்தார். ரசம் சாதம், மோர் சாதம், கடைசியில் பாயசம் என்று இலையில் இருந்ததை எல்லாம் ஊட்டி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை.